டிரெஸ்ஸர் ஐயா பதில்கள்: இடுப்பைப் ‘படக்’கென்று எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறார், வயது 46. மூன்று வாரமாக இடுப்பு வலி. இடது காலில் கெண்டைக்கால் வரை இழுக்கிறது. உருட் (உடம்பு பிடித்துவிடுவது) போட்டும் கேட்கவில்லை. டவுனில் கடைவீட்டு மாடியில், முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் பார்க்கும் கைரோபிராக்டிக் நிலையம் ஒன்று இருக்கிறது. “எலும்பு விலகியிருக்கு, படக்குனு எடுத்துடுவாங்க” என்கிறார் கொழுந்தனார். கூட்டிப் போகலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, மாடிப்படி ஏறுவதற்கு முன் இன்று இரவே அவரிடம் சிலதைக் கேளுங்கள். ஆம்பிளைகள் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்கள். தோட்ட மருத்துவமனையில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தபோது நான் வாயைக் கிண்டித்தான் வாங்குவேன். ஒன்றுக்குப் போவதில் சிரமமா, அல்லது அடக்க முடியவில்லையா? உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போயிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்கினால், தாமதித்த பிறகு சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். நடக்கும்போது பாதம் தொங்கி சிலிப்பர் கழன்று விழுந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் இளைப்பது, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தாலும் முதலில் டாக்டர்தான். முதுகெலும்பில் காசநோயோ புற்றுநோயோ இருக்கலாம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபின் வந்த வலிக்கும் அப்படியே.

இதெல்லாம் இல்லையென்றால் (பெரும்பாலும் இராது) கைரோபிராக்டரும் ஒரு வழிதான். சாதாரண இடுப்பு வலிக்கு அவர் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சை உடற்பயிற்சி, பிசியோதெரபி அளவுக்கு உதவும். அதைவிடப் பெரிய மந்திரம் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்கு வலி காலில் இறங்கியிருக்கிறது. ஆகவே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து முதலில் நரம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள். கொழுந்தனாரின் விலகிய எலும்புக் கதையை விடுங்கள். அந்த ‘படக்’ சத்தம் மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம், எலும்பு இடத்துக்கு வருகிற சத்தமில்லை.

பிறகு போனால், மலேசியாவின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016-இன் கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கைரோபிராக்டிக் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. கோலாலம்பூரில் அதற்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் முதலில் காலை நீட்டித் தூக்கிப் பார்ப்பார், முட்டியைத் தட்டுவார், பழைய நோய் எல்லாம் விசாரிப்பார். உள்ளே நுழைந்ததும் இருபது தடவைக்கு முன்பணம் கேட்டால் இறங்கி வந்துவிடுங்கள். நாலு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்துங்கள். இடுப்புக்கு வந்தவரின் கழுத்தைத் திருப்ப வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சடாரென்று திருப்பி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு, அரிதுதான் என்றாலும்.

அதுவரை அவரைப் பாயில் கிடத்தாதீர்கள், நடமாடட்டும். குலை தூக்குவது மட்டும் கூடாது. எம்.சி.யை (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) காட்டி லேசான வேலை கேட்கச் சொல்லுங்கள். முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். வேலையில் பட்ட அடியென்றால் சொக்சோவுக்கும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) டாக்டர் சீட்டு வேண்டும்.

கேள்வி: ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த என் அம்மாவுக்கு 72 வயது. முதுகு கூனிவிட்டது. சந்தையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறார். அவரையும் கைரோபிராக்டரிடம் கூட்டிப் போகலாமா?
– வாசகர், தஞ்சோங் ரம்புத்தான்

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. இப்படிப் பதிவில்லாமல் விற்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. நாள்பட்டால் அது எலும்பை அரிக்கும். அந்த முதுகை அழுத்தினால் எலும்பு நொறுங்கலாம். கூனே பழைய முறிவாக இருக்கக்கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழக்கூடும். பாட்டிலோடு கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.