ஆலயத் திரை கிழிந்ததற்கு என்ன அர்த்தம்? ஒரு கர்டன் தைப்பவளின் பதில்

கேள்வி: இயேசு இறந்தபோது எருசலேம் ஆலயத்தின் திரை இரண்டாகக் கிழிந்தது என்கிறார்களே, அது எதைக் குறிக்கிறது? இனி யார் வேண்டுமானாலும் கடவுளை நேரடியாக நெருங்கலாம் என்றால் போதகர் எதற்கு?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை. நான் இறையியல் படித்தவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சின்ன அறையில் உட்கார்ந்து 22 வருடமாகத் திரைச்சீலை தைக்கிறேன். இங்கே யாரும் திரைச்சீலை என்று சொல்வதில்லை, கர்டன்தான். டே கர்டன், நைட் கர்டன். அதனாலேயே வேதாகமத்தில் "திரைச்சீலை" என்று வாசிக்கும்போதெல்லாம் என் தொழிலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காது நிமிரும்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியைப் பார்த்தால் யாரோ ஒரு போதகரோடு உங்களுக்கு மனக்கசப்பு என்று தோன்றுகிறது. இல்லையென்றால் கிறிஸ்தவக் குடும்பத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எதுவானாலும் சரி, முதலில் துணியைப் பார்ப்போம்.

வேதாகமத்தின் யாத்திராகமம் 26இல் அந்தத் திரைக்கு ஆர்டர் கொடுக்கப்படுகிறது. இளநீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு நூல்கள், திரித்த மெல்லிய பஞ்சுநூல், அதில் கேருபீன் உருவங்கள். கேருபீன் என்றதும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் சிறகு முளைத்த கொழுகொழு குழந்தையை நினைக்காதீர்கள். அவர்கள் காவல்காரர்கள். ஆதாமும் ஏவாளும் ஏதேனிலிருந்து துரத்தப்பட்ட பிறகு, ஜீவவிருட்சத்துக்குப் போகும் வழியைக் காக்கத் தோட்டத்தின் கிழக்கே நிறுத்தப்பட்டவர்கள், ஆதியாகமம் 3. ஆலயத்துக்கு முன்பு அந்தத் திரை தொங்கிய ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலும் கிழக்குப் பக்கம்தான். கிழக்கே துரத்தப்பட்ட மனிதன் மேற்கு நோக்கித் திரும்பி நடந்து உள்ளே வருகிறான். கடைசித் திரையில் அதே காவல்காரர்கள், இந்தமுறை நூலில் நிற்கிறார்கள். இதை எனக்குச் சொன்னவன் இறையியல் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன். கேட்டதும் எனக்குப் புல்லரித்தது.

அந்தத் திரைக்கு உள்ளே மகா பரிசுத்த ஸ்தலம், கடவுளின் சந்நிதியான உள்ளறை. வருடத்தில் ஒரே ஒரு நாள், யூத நாட்காட்டியின் ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பிரதான ஆசாரியன் (தலைமைக் குரு) மட்டும் இரத்தத்தோடு போகலாம். அப்போதும் தூபப்புகை கிருபாசனத்தை, அதாவது உடன்படிக்கைப் பெட்டியின் மேல்மூடியை, மூட வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போவான் என்று லேவியராகமம் 16 சொல்கிறது. ஏரோது புதுப்பித்துக் கட்டிய ஆலயத்தில் தடுப்புகள் இன்னும் அதிகம். புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், ஒரு கல் கிராதியோடு நின்றுவிட வேண்டும். தாண்டினால் சாவுக்கு அவனவனே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டிய எச்சரிக்கைக் கல் 1871இல் எருசலேமில் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்கள் அதற்கு அடுத்த பிராகாரத்தோடு சரி. அப்புறம் ஆண்கள், அப்புறம் ஆசாரியர்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு கூட்டம் நின்றுவிடும்.

இயேசு உயிர்விட்டபோது அந்தத் திரை கிழிந்தது என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதுகிறார்கள். எபிரெயர் நிருபம் 10 ஒரு படி மேலே போய், அந்தத் திரையே அவருடைய மாம்சம்தான் என்கிறது. அவர் உடல் கிழிந்தது, வழி திறந்தது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

நடுவில் ஒன்று. பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டி அனுப்புவார்கள், உள்ளே செத்தால் இழுத்துவிடலாம் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். வேதாகமத்தில் அப்படி எங்கும் இல்லை, மிகப் பிந்திய காலத்துக் கதை. திரை நாலு விரல் கனம் என்பது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. ஆனால் அதே இடத்தில், அதைத் தண்ணீரில் முக்கியெடுக்க 300 ஆசாரியர்கள் தேவை என்றும் இருக்கிறது. பெருமைக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதானே வழக்கம், நாமும்தான் செய்கிறோம். இதைச் சொன்னதற்காக "விசுவாசம் இல்லாதவள்" என்று கீழே யாராவது எழுதுவார்கள், எழுதட்டும். கிழிந்ததை நான் நம்புகிறேன். கயிற்றைத்தான் நம்பவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கு ஒரு நாடகம் போட்டார்கள். கர்டன் வேலை என்றால் என் வீட்டுக்குத்தானே வருவார்கள். 12 அடி உயரத் திரை, கிழிய வேண்டும், மேலிருந்து கீழே, மூன்று காட்சிகளுக்கும். கூலி என்று யாரும் வாய் திறக்கவில்லை. "ஆண்டவருக்குச் செய்கிற ஊழியம்" என்றார் கமிட்டிக்காரர்.

கூலி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் தொழிலில் இப்போது எல்லாருக்கும் ஒரே பாட்டு: "ஜொகூர் பாருவில் பாதி விலைக்குத் தைக்கிறார்களே." பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில் இருக்கிற ஊர். தாராளமாகப் போங்கள். ஆனால் என்னை வீட்டுக்கு வரவழைத்து, ஏணி போட்டு அளவெடுக்க வைத்து, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய்த் தைத்து வந்து, தரையில் இரண்டு அங்குலம் புரள்கிறது என்று மறுபடி என்னிடமே மடிக்கக் கொண்டுவருவது எந்த ஊர் நியாயம்? போன மாதம்கூட ஒருவர். போகட்டும்.

நான் அராப் ஸ்திரீட்டில் காட்டன் பாப்ளின் வாங்கினேன். காட்டன் நெசவுக்கோடு பார்த்து நேராகக் கிழியும், பாலியெஸ்டர் கழுத்தை அறுக்கும். முறையாகத் தைத்து மாட்டினேன். ஒத்திகையில் ஏணியின் இரண்டு பக்கமும் இரண்டு பையன்கள் ஏறி இழுத்தார்கள். கிழியவே இல்லை. காரணம் எனக்கு உடனே புரிந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கர்டனில் மிகப் பலமான இடம் மேல்பகுதிதான். முழு எடையும் அங்கேதான் தொங்குகிறது, அதனால் துணியை மடித்து, உள்ளே பட்டை வைத்து, இரண்டு மூன்று ஓட்டம் தைப்போம். கர்டனைக் கிழிக்கிற பூனையும் குழந்தையும் கீழேயிருந்துதான் கிழிக்கும். மனுஷன் கைக்கு எட்டுவதும் அதுதான்.

22 வருடத்தில் எத்தனையோ தடவை "மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும்" என்று வாசித்திருக்கிறேன், அது ஏன் அப்படி எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கிழித்தது வெளியே நின்றவன் இல்லை. அந்த மேல்பட்டையைக் கிழிக்கிற கை மேலேதான் இருக்க வேண்டும்.

அக்கா மகனிடம் சொன்னேன். அவன் இன்னொன்று சொன்னான். இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது வானம் திறக்கப்பட்டது என்று நம் தமிழ் வேதாகமம் மாற்கு 1இல் போடுகிறது, ஆனால் கிரேக்க மூலத்தில் இருப்பது "கிழிந்தது" என்ற சொல், திரைக்கு மாற்கு 15இல் வருகிற அதே வினை. திறந்ததை மூடிவிடலாம். கிழிந்ததை மூடினால் தழும்பு தெரியும், எந்தத் தையல்காரியையும் கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு நான் அவனுக்கு யோவான் 19ஐக் காட்டினேன். சிலுவையடியில் போர்ச்சேவகர்கள் இயேசுவின் அங்கியைக் கிழிக்காமல் சீட்டுப் போட்டார்கள், ஏனென்றால் அது தையலில்லாமல் மேலேதொடங்கி நெய்யப்பட்டது. மேலிருந்து நெய்தது கிழியாமல் தப்பியது, ஆலயத்தில் தொங்கியது மேலிருந்து கிழிந்தது. இது என் சொந்தக் கவனிப்பு. தப்பென்றால் படித்தவர்கள் திருத்துங்கள், திட்ட வேண்டாம்.

கடைசியில் திரையை நடுவில் வெட்டி வெல்க்ரோ வைத்துத் தைத்தேன். மேலேயிருந்து ஒரு கயிறு. இழுத்தால் பர்ர்ரென்று பிரிந்தது, மைக்கில் அந்தச் சத்தம் நிஜக் கிழிசலைவிட நன்றாக இருந்தது. காட்சி முடிந்ததும் ஒட்டிக்கொள்ளலாம். கமிட்டிக்கு ஏக சந்தோஷம்.

இனி போதகர் எதற்கு என்ற கேள்வி. எபிரெயர் நிருபத்தின்படி இப்போது பிரதான ஆசாரியர் கிறிஸ்து ஒருவரே. 1 பேதுரு 2 விசுவாசிகள் எல்லாரையுமே ஆசாரியக்கூட்டம் என்கிறது. ஆகவே எங்கள் போதகர் எனக்கும் கடவுளுக்கும் நடுவில் நிற்கிற ஆள் இல்லை. வேதத்தைச் சொல்லித்தருகிறவர், சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருகிறவர். கத்தோலிக்க நண்பர்கள் குருத்துவத்தை வேறு மாதிரி விளக்குவார்கள், அவர்களோடு இங்கே எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் இந்தத் திரை விதிகளில் இருப்பதைவிட மனதில்தான் கனமாக இருக்கிறது. என் அம்மாவைப் பாருங்கள். எங்கள் சபையின் பீட விரிப்பைப் பதினைந்து வருடமாக அம்மாதான் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடுகிறாள். ஞாயிறு காலையில் பீடத்துக்குப் பக்கத்து அறை வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். நற்கருணைக்கு கிராதியில் முழங்கால் போடுவாள், அதற்கு அந்தப் பக்கம் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை. வீட்டில் ஜெபம் என்றாலும் "ஐயரு வரட்டும்" என்பாள், போதகரைத்தான் அப்படிச் சொல்வாள். தானாக வாய்விட்டு ஜெபித்து நான் கேட்டதில்லை.

திரை மாட்டிய அன்று அம்மாவைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். நான் கிராதிக்கு உள்ளே ஏணி மேல், வாயில் நாலு குண்டூசி, கையில் 12 அடித் துணி. அம்மா வெளியே நின்று ஊசி டப்பாவை எட்டி நீட்டுகிறாள், எட்டவில்லை.

"உள்ள வாம்மா."

"செருப்போட எப்படிடி?"

"கழட்டிட்டு வா."

கழற்றினாள். அப்புறமும் நின்றாள். உள்ளே, துப்புரவு வேலை செய்யும் சீன ஆன்ட்டி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பீடத்தைச் சுற்றித் தரை துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆன்ட்டி நிமிர்ந்து, தரை ஈரம், பார்த்து வா என்பதுபோல் கையைக் காட்டினார். அம்மா சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

டப்பாவை என்னிடம் கொடுக்கவில்லை. நேராகப் பீடத்துக்குப் போய் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"உள்பக்கத்த மேல போட்டிருக்காங்க, பாரு."

எத்தனை வருடமாக அப்படிப் போடுகிறார்களோ. ஏணியிலிருந்து இறங்கினேன். மெழுகுவர்த்தித் தண்டுகளை ஆன்ட்டி பிடித்துக்கொண்டார், நானும் அம்மாவும் விரிப்பைப் புரட்டிப் போட்டோம்.