சுவர் வெடித்தால் உடனே பூசாதீர்கள்

ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீடு. பின்சுவரில் படிக்கட்டு மாதிரி வெடிப்பு. மாசியில் விரிகிறது, மழைக்கு மூடுகிறது. பூசிவிடலாம் என்கிறார் மேசன் பாஸ். – அட்டன்

இப்போதைக்கு வேண்டாம். வெயிலில் விரிந்து மழையில் மூடுவது களிமண்ணின் வேலை. நீர் குடித்து ஊதும், காய்ந்து சுருங்கும், அத்திவாரத்தையும் கூடவே அசைக்கும். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை ஒட்டுங்கள். அது உடைந்தால் அசைவு இன்னும் நிற்கவில்லை.

அதற்குள் கூரைத் தண்ணீரைக் கவனியுங்கள். நான் போய்ப் பார்த்த வீடுகள் பலவற்றில் கூரை நீரை ஏந்தும் பீலியே இல்லை. தகரத்திலிருந்து சொட்டிச் சொட்டிச் சுவரடியில் வரிசையாகக் குழி விழுந்திருக்கும். பீலி பூட்டி, சுவரைச் சுற்றி மூன்றடிக்கு வெளிப்புறம் சரியும்படி சீமெந்து போட்டு, தண்ணீரைக் கானுக்குள் விடுங்கள். பூச்சு அதற்குப் பிறகு.

எங்கள் மண் ஊதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – மாத்தளை

அத்திவார ஆழத்து மண்ணைக் காயவைத்து, நன்றாகச் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி ஊதாது. 24 மணி நேரம் கழித்துத் தண்ணீரிலுள்ள மண் மற்றதைவிட 50 சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தால், பொறியியலாளரைக் கேட்காமல் அத்திவாரம் வெட்டாதீர்கள்.

ஆனால் மலைநாட்டுச் சிவப்பு மண் பெரும்பாலும் மன்னார்ப் பக்கத்து முருங்கன் களிமண் அளவுக்கு ஊதாது. என் முதல் சந்தேகம் நிரப்பு மண் மேல்தான். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் தள்ளி, அதன் மேலேயே இஸ்தோப்பை (முன் விறாந்தையை) கட்டிவிடுகிறோம். பாதி வீடு கெட்டித் தரையில், பாதி புது மண்ணில். அதனால் வரும் வெடிப்பு மழைக்கு மூடாது, கூடிக்கொண்டே போகும்.

சுவரிலிருந்து பத்தடியில் யூக்கலிப்டஸ். வெட்டலாமா? – வெலிமடை

மரத்தின் உயரமளவு தூரமாவது வேண்டும் என்பதால் பத்தடி மிகக் குறைவு. இருந்தாலும் சரிவில் வேர்தான் மண்ணைப் பிடித்து நிற்கிறது. விவரம் தெரிந்த ஒருவர் நேரில் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

வீட்டுக்கு மேலே தேயிலைக்குள் நிலம் வளைவாகப் பிளந்திருக்கிறது. ஊற்று கலங்கலாக வருகிறது. – பூனாகலை

இது அத்திவாரக் கோளாறு அல்ல, மலை நகர்வதன் அறிகுறி. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்சரிவில் லயன் வீடுகளோடு மனிதர்களும் புதைந்ததை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. பிளவு தெரிந்த பிறகு அதற்கும் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு இன்றே இறங்குங்கள். கிராம சேவகருக்கு வழியிலிருந்தே சொல்லலாம்.