நீலகிரி வரையாடும் இமயமலை வரையாடும் ஒரே இனமா?

இல்லை, பேரினமே (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் பிரிவு) வேறு. முன்பு இரண்டையும் ஹெமிட்ராகஸ் பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005-இல் வெளியான மரபணு ஆய்வு அதைக் கலைத்துப் போட்டது: நம்முடையது செம்மறியாட்டுக்கு நெருக்கம், இமயமலையது வெள்ளாட்டுக்கு நெருக்கம். அதனால் நம்முடையதற்கு நீல்கிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம். பாறைச் சரிவில் வாழ்ந்து வாழ்ந்து இரண்டும் ஒரே சாயலுக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான். இமயமலை ஆணுக்குக் கழுத்தைச் சுற்றி அடர்ந்த பிடரி உண்டு. நம்முடையதற்கு ரோமம் குட்டை.

நீலகிரி வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில் மட்டும், அதாவது தமிழ்நாடு, கேரளாவில் மட்டுமே உண்டு. கேரளாவின் இரவிகுளம் தேசியப் பூங்காவில் எளிதாகப் பார்க்கலாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியலில் இது 'அருகிவரும் இனம்'. இமயமலையது 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்'. விசித்திரம் என்னவென்றால், 1904-இல் நியூசிலாந்தில் கொண்டுபோய் விட்ட இமயமலை வரையாடு அங்கே பெருகிவிட்டதால், இப்போது அவற்றைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள்.