ஸ்கேனில் தபால்தலையின் ஓரப் பற்கள் தெரியவில்லை, வாங்குபவர் பர்ஃபரேஷன் (ஓரத் துளைகளின் அளவு) கேட்கிறார் – பதில்

தபால்தலைக்குப் பின்னால் பளபளப்பில்லாத கறுப்பு அட்டை வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

ஸ்கேனர் மூடியும் வெள்ளை, தபால்தலையின் ஓரமும் வெள்ளை. அதனால்தான் இரண்டும் கலந்துவிடுகின்றன. தானியங்கித் திருத்தம் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஓரத்தை வெட்டும், நிறத்தையும் மாற்றும்.

பர்ஃபரேஷன் எண் என்பது 2 செ.மீ. நீளத்தில் எத்தனை துளை என்பதுதான். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்தால் 2 செ.மீ. என்பது சுமார் 472 பிக்சல். படத்தைப் பெரிதாக்கி, ஒரு துளையின் நடுவிலிருந்து அவ்வளவு தூரம் அளந்து இடைவெளிகளை எண்ணிப் பாருங்கள். 14 வந்தால் பர்ஃபரேஷன் 14. மேல் விளிம்பைத் தனியாக, பக்க விளிம்பைத் தனியாக எண்ணுங்கள். இரண்டும் வேறாக இருப்பது சகஜம், பல வெளியீடுகளில் வகை பிரிவதே அங்கேதான்.

படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். சுருங்கிவிடும், பிக்சல் கணக்கு தப்பும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

ஒன்று மட்டும்: வாட்டர்மார்க் (தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடையாளம்) சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. நிறச் சாயலையும் திரையை நம்பிச் சொல்லிவிடாதீர்கள். இந்த இரண்டில் ஒன்றை வைத்துத்தான் விலை மாறுகிறது என்றால், தபால்தலையை நேரில் பார்த்த பிறகே விற்பனையை முடித்துக்கொள்ளுங்கள்.