தவளை படிக்க விரும்பும் மகளைப் பற்றி ஒரு தந்தைக்கு

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு முறை நீட் எழுதியும் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காத நிலையில், மூன்றாம் முறை எழுத மாட்டேன், விலங்கியல்தான் படிப்பேன் என்று தங்கள் மகள் உறுதியாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். ‘தவளையையும் நண்டையும் படித்து எந்தக் காலத்தில் நாலு காசு பார்க்கப்போகிறாள்’ என்ற தங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பலாக விடை சொல்ல நான் விரும்பவில்லை. பணக் கணக்குக்கு முன்னால், அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கும் அந்த விஷயத்தை நீங்கள் ஒருமுறை அருகில் பார்க்க வேண்டும்.

அவள் உங்களிடம் சொன்ன ‘ஆணே இல்லாத நண்டு’ கற்பனை அன்று. தூத்துக்குடிப் பக்கம் சிங்கி இறால் என்கிறோமே, அதற்கு உறவான நன்னீர் உயிரினம் கிரேஃபிஷ். 1990களின் நடுவில் ஜெர்மனியில் மீன்தொட்டி வளர்ப்பவர்களிடையே பளிங்குக் கிரேஃபிஷ் என்னும் ஒரு வகை தென்பட்டது. அதன் உயிரணுவில் குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) இரண்டு தொகுதிகளுக்குப் பதிலாக மூன்று தொகுதிகளாக, மொத்தம் 276 இருக்கின்றன. எல்லாமே பெண்கள். இணை சேராமலே முட்டையிடுகின்றன. பிறப்பவை அனைத்தும் தாயின் மரபணு நகல்கள். 2018இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. இன்று அது மடகாஸ்கரின் ஆறுகளிலும் நெல்வயல்களிலும் பெருகிக் கிடக்கிறது, அங்கே காலங்காலமாக வாழும் கிரேஃபிஷ் இனங்களுக்கு அதனால் ஆபத்து நேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு விலங்கு தப்பினாலும் ஓர் ஆற்றை நிரப்பிவிடும் என்பதால்தான், மீன்தொட்டி வணிகத்தில் வரும் அயல் இனங்களைத் தாமிரபரணிக் கால்வாயில் விட்டுவிடக் கூடாது என்று அவள் வீட்டில் வாதிடுகிறாள். அவள் சொல்வது சரி.

உலகில் 600க்கும் மேற்பட்ட கிரேஃபிஷ் இனங்கள் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மடகாஸ்கர், தென் அமெரிக்கா எல்லாவற்றிலும் இருக்கின்றன. இந்தியாவில் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. நம் நிலமும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் துண்டுகளாக ஒட்டிக் கிடந்தவை என்பதை நினைத்தால், இந்த இல்லாமை எவ்வளவு பெரிய கேள்வி என்பது புரியும். தவளைகளின் கதை இதற்கு நேர்மாறானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் ஊதாத் தவளையை ஆய்வாளர்கள் எஸ். டி. பிஜுவும் பிராங்கி போசுயிட்டும் 2003இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதன் மிக நெருங்கிய உறவினர்கள் கடலுக்கு அப்பால், அதே பெருநிலத்திலிருந்து பிரிந்த செஷல்ஸ் தீவுகளில் வாழும் தவளைகள் என்று மரபணு காட்டியது. 2017இல் அதே பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் குழு) இன்னோர் இனம் நமக்கு அடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பகுதியிலிருந்தே விவரிக்கப்பட்டது.

நம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலும் இப்படி ஒன்று உண்டு. அங்கே ஓடையோர மூங்கிலின் கணுவிடைப் பொந்துக்குள், ஒரு சிறு பிளவின் வழியே நுழைந்து முட்டையிடும் புதர்த்தவளை ஒன்று இருக்கிறது. முட்டைகளைக் காவல் காப்பது ஆண். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேரடியாகக் குட்டித் தவளை வெளிவருகிறது. 2014இல்தான் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அம்பாசமுத்திரத்தில் பிறந்த பிள்ளைக்குப் பேருந்து தூரத்தில் இருக்கும் ஆய்வுக்களம் இது என்பதை நீங்கள் ஒரு சொத்தாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். (காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் முறையான அனுமதி கட்டாயம்.)

இனிக் கணக்கு. இளங்கலை மூன்று ஆண்டுகள், முதுகலை இரண்டு. இந்த ஐந்து ஆண்டுகளும் குடும்பம்தான் தாங்க வேண்டும். அதன் பிறகு, ஆண்டுக்கு இருமுறை நடக்கும் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. முனைவர் பட்டத்துக்கு மேலும் ஐந்தாண்டு ஆகலாம். தேர்வு கடினமானது, எல்லாரும் தேறுவதில்லை. நிலையான வேலை முப்பது வயதை ஒட்டித்தான் வரும் என்று எண்ணியே இறங்குங்கள். இடையில் கல்யாணப் பேச்சை எடுத்துப் படிப்பை நிறுத்துவதாக இருந்தால் இந்த வழியே வேண்டாம். கடுமையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். நாலாம் ஆண்டில் பாதியில் திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பாளையங்கோட்டையிலேயே நூற்றாண்டு கண்ட கல்லூரிகள் இருக்கின்றன. மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் மாணவர்கள் தம் கையாலேயே டிஎன்ஏ பிரித்தெடுக்கிறார்களா, புள்ளியியல் ஒரு பாடமாக உண்டா என்று துறையிலேயே நேரில் கேளுங்கள். காட்டில் தவளைச் சத்தத்தைப் பதிவு செய்பவருக்கும் இன்று கணினி நிரல் எழுதத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் கைவந்தவளுக்குப் பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையம் (என்சிபிஎஸ்), டேராடூன் வனவிலங்கு நிறுவனம், ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் (சிசிஎம்பி) போன்ற இடங்களின் கதவைத் தட்டும் தகுதி வரும். விலங்கியல் பட்டத்தோடு இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம்.

சீக்கிரம் வருமானம் வேண்டும் என்பது வீட்டின் நிலையானால், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் நான்காண்டு இளங்கலைப் படிப்பைப் பரிசீலியுங்கள். அதற்கு நீட் தேவையில்லை. இறால் குஞ்சு உற்பத்தி, நோய் ஆய்வகம், மீன்வளத்துறை என்று வேலைக்கு வழிகள் பல. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையைக் கிரேஃபிஷும் சுமக்கும் என்று 2013இல் கண்டறியப்பட்டது. ஆகவே நோயியல் வழியாகவும் அவள் தன் விருப்பத்துக்குத் திரும்பி வர முடியும்.

மூன்றாம் முறை நீட் பயிற்சிக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் அவள் தன்னார்வலராகச் சேர்ந்து, சேற்றில் நின்று இரண்டு நாள் குறிப்பெடுக்கட்டும். அதற்குள் கல்லூரி விண்ணப்பத் தேதி வந்துவிட்டால் இரண்டு படிப்புக்கும் விண்ணப்பித்து வையுங்கள். அடுத்த முறை வரும்போது அவளையும் அவள் அம்மாவையும் சேர்த்தே அழைத்து வாருங்கள் அண்ணாச்சி. ஐந்தாண்டுச் செலவை நால்வரும் உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம்.