நடுக்கடல்ல ஏழு நாள்: கேளுங்க, சொல்றேன்

மும்பை செம்பூர்ல இருந்து எழுதுறேன், கேள்வி கேட்டவங்களை அவங்க ஏரியா பேர்லயே போட்டிருக்கேன். ரொம்ப வருஷம் பயணிகள் கப்பல்ல ரிசப்ஷன் கவுண்டர்ல நின்னவன், அட்லாண்டிக்கை ரெண்டு திசையிலயும் தாண்டியிருக்கேன். கரையே கண்ணுல படாத நாட்களைப் பத்தி என்ன வேணா கேளுங்க. அதுக்கு முன்னாடி ஒன்னு, கப்பல் கிளம்பினதும் போனை ஃப்ளைட் மோட்ல போட்டுடுங்க. கப்பலுக்குன்னு தனி நெட்வொர்க் இருக்கு, சாட்டிலைட் வழியா போகும், சாதாரண ரோமிங் பேக்ல பெரும்பாலும் அது சேராது. பில்லைப் பார்த்துட்டு கவுண்டர்ல வந்து என்னை வறுத்தெடுத்தவங்க எக்கச்சக்கம்.

மாட்டுங்கா மாமி: எனக்கு காட் ரோடு பஸ்ஸுலயே குமட்டும். தாங்குமா?

தாங்கும் மாமி. ரூம் எடுக்கும்போதே கப்பலோட நடுப்பகுதி, கீழ் தளம்னு கேட்டு வாங்குங்க, ஆட்டம் அங்க தான் கம்மி. மேல பால்கனி ரூம் பார்க்க அழகு, ஆடுறதும் அது தான் அதிகம். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க அடியில துடுப்பு மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கு, ஆனா முன்னும் பின்னும் தூக்கிப் போடுறதுக்கு அதால ஒன்னும் பண்ண முடியாது. அவோமின் மாதிரி மாத்திரையை குமட்டின பிறகு போட்டு பிரயோஜனமில்ல, முன்னாடியே போடணும், உங்க டாக்டரைக் கேட்டுட்டு. லிஃப்ட் பக்கத்துல, படிக்கட்டு கைப்பிடியில எல்லாம் பேப்பர் பை சொருகி வெச்சிருக்காங்களா, அன்னிக்கு ராத்திரி கடல் சரியில்லன்னு அர்த்தம், கேப்டன் சொல்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

முலுண்ட்: ஏழு நாள் தண்ணியையே பார்த்துக்கிட்டு என்ன சார் பண்றது?

முதல் ரெண்டு நாள் எல்லாரும் ஓடுவாங்க, டான்ஸ் கிளாஸ், லெக்சர், ஜிம், நாலு வேளை பஃபே. மூணாவது நாள் சோர்வு தட்டும். அதுக்கப்புறம் தான் கப்பல் ஒரு தெரு மாதிரி ஆயிடும், யார் எந்த நாற்காலின்னு முடிவாயிடும், துணி துவைக்கிற ரூம்ல அடுத்தவங்க துணியை மெஷின்ல இருந்து எடுத்து வெளிய வெச்சதுக்கு பஞ்சாயத்து நடக்கும், லைப்ரரி ஓரத்துல ஆயிரம் துண்டு படப்புதிர் ஒன்னு விரிச்சிருக்கும், அதுல கடைசித் துண்டை தான் தான் வைக்கணும்னு பாக்கெட்ல போட்டுக்கிட்டு போற ஆளு ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் இருப்பார். மத்தியானம் ஸ்பீக்கர்ல கேப்டன் வருவார், எங்க இருக்கோம், காத்து எவ்வளவு, கீழ ஆழம் எவ்வளவுன்னு சொல்வார். மூவாயிரம் மீட்டருக்கு மேலன்னு சொன்னதும் ஸ்பூன் சத்தம் கூட நின்னுடும். லிஸ்ட் போட்டுக்கிட்டு போகாதீங்க, ஒன்னும் பண்ணாம இருக்கத் தெரியாதவங்களுக்கு இந்த டிரிப் ஆகாது.

போரிவிலி: ஐஸ்பெர்க் வருமா?

டைட்டானிக் 1912ல மூழ்கினதுக்கு அப்புறம் இதுக்குன்னே ஐஸ் பேட்ரோல்னு ஒரு கண்காணிப்பு வெச்சிருக்காங்க. எங்க ஐஸ் இருக்குன்னு தகவல் வரும், கப்பல் தெற்கே தள்ளிப் போகும். தூங்குங்க.

தாணே: இங்கிலாந்துல இருந்து நியூயார்க் போறதா, நியூயார்க்ல இருந்து இங்கிலாந்து வர்றதா, எது நல்லது?

மேற்கே போங்க, யோசிக்கவே வேணாம். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அஞ்சு மணி நேர வித்தியாசம். மேற்கே போனா அஞ்சு ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி வைப்பாங்க, அதாவது அஞ்சு நாளைக்கு 25 மணி நேரம். கிழக்கே வந்தா அதே அஞ்சு நாள் 23 மணி நேரம். சில கப்பல்ல மத்தியானம் 12 மணியையே 1 மணி ஆக்கிடுவாங்க, காலை டிபன் செரிக்கிறதுக்குள்ள சாப்பாட்டு மணி.

அந்தேரி: ஒத்துக்க மாட்டேன். மேற்கே போனப்ப டெக்ல நிக்கவே முடியல, காத்து தள்ளிடுச்சு.

காத்து விஷயம் நிஜம் சார், மறுக்கல. வட அட்லாண்டிக்ல காத்து பெரும்பாலும் மேற்குல இருந்து தான். கடல்ல வேகத்தை நாட் கணக்குல தான் சொல்வாங்க. கப்பல் 20 நாட் வேகம், எதிர்காத்து 20 நாட்னா டெக்ல நிக்கிறவங்க முகத்துல 40 நாட், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டர். கிழக்கே வரும்போது அதே காத்து முதுகுல, ரெண்டும் சமமாயிட்டா டெக்ல முடி கூட அசையாது. ஆனா நீங்க டெக்ல எவ்வளவு நேரம் இருக்கப் போறீங்க?

அந்தேரி: நான் டெக்குக்காகத் தான் காசு குடுக்கிறேன்! தூங்குறதுக்கு வீடு இருக்கு.

கோரேகாவ் அக்கா: அந்தேரி சொல்றது சரி. தூக்கம் போனா போகட்டும்.

அக்கா, அஞ்சு நாள் தொடர்ந்து ஒரு மணி போனா என்ன ஆகும்னு காலைல கவுண்டர்ல நின்ன எனக்குத் தெரியும். மேற்கே போறப்ப குட் மார்னிங் சொல்வாங்க, கிழக்கே வர்றப்ப காபி மெஷின் ஏன் லேட்டுன்னு கேப்பாங்க. டெக் தான் முக்கியம்னா கிழக்கே வாங்க, அவ்வளவு தான் விட்டுக் குடுப்பேன்.

வாஷி: சுகர் மாத்திரை எந்த டைம்ல போடுறது?

டாக்டர் கிட்ட 23 மணி, 25 மணின்னு தெளிவா சொல்லிக் கேளுங்க. முக்கியமா, மாத்திரையை தேவைக்கு மேல எடுத்துட்டுப் போங்க, நடுக்கடல்ல ஹெலிகாப்டர் கூட எட்டாது. கப்பல் ஆஸ்பத்திரி பில்லு டாலர்ல. மெடிக்கல் இவாக்குவேஷன், அதாவது நோயாளியை கப்பல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு கொண்டு போற செலவு, சேர்ந்திருக்குற இன்ஷூரன்ஸ் இல்லாம ஏறாதீங்க.

டோம்பிவிலி: எலக்ட்ரிக் குக்கர், கெட்டில் கொண்டு போகலாமா?

கூடாது. இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் எதுவும் கூடாது, ஏறும்போதே எடுத்து வெச்சுக்குவாங்க. கடல்ல பெரிய பயம் தீ.

கல்யாண்: சின்ன குக்கர்?

கூடாது.

மீரா ரோடு: அமாவாசை தர்ப்பணம் எந்த ஊர் டைம்?

உங்க வாத்தியாரைக் கேளுங்க.

கார்கர்: நவம்பர்ல பார்சிலோனாவுல ஏறி, மொராக்கோ தொட்டு, மடெய்ரா வழியா மயாமி. விசா?

ஷெங்கன்னு ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேர்த்துக் குடுக்குற விசா, அதுல மல்டிபிள் என்ட்ரி, அதாவது பல தடவை உள்ள போற மாதிரி எடுங்க. மொராக்கோவுக்குப் போனா ஷெங்கனை விட்டு வெளிய வந்தாச்சு, மடெய்ரா போர்ச்சுகல், திரும்ப உள்ள போகணும். அமெரிக்க விசா தனி. மொராக்கோவுக்கு என்னன்னு கம்பெனியையே கேளுங்க. சீசன் மாறும்போது கப்பலை இடம் மாத்துற டிரிப் இது, நாள் கணக்குல சல்லிசா தெரியும், ஆனா டிப்ஸும் ஒரு வழி ஃப்ளைட்டும் சேர்த்துப் பாருங்க. ஃப்ளைட் மோட் மறக்காதீங்க.

போரிவிலி நண்பர்: ஐஸ்பெர்க்...

மேல இருக்கு.

சயான் தம்பி: அண்ணா, கப்பல் வேலைக்கு ஏஜெண்ட் ரெண்டு லட்சம் கேக்குறான்.

குடுக்காத. வேலை வாங்கித் தர்றதுக்கு கப்பல் ஆள் கிட்ட ஏஜெண்ட் காசு வாங்கவே கூடாது, சட்டம். டிஜி ஷிப்பிங்னு கப்பல் துறையைப் பார்த்துக்கற அரசு அலுவலகம் இருக்கு, அவங்க குடுத்த ஆர்பிஎஸ்எல் (கப்பலுக்கு ஆள் எடுக்குற ஏஜெண்ட்டுக்கான) லைசென்ஸ் நம்பர் கேளு, அவங்க வெப்சைட்ல பேரு இருக்கான்னு பாரு. மெடிக்கல், பாஸ்போர்ட் மாதிரி சில செலவு உன்னோடது, அது வேற. நம்பர் கேட்டதும் இழுத்தான்னா அவன் ஆபீஸ்ல உக்காராத, எழுந்து வந்துடு. பாஸ்போர்ட்டை மட்டும் அங்க விட்டுட்டு வந்துடாத.