38,000 ரூபாய் மெஷின் உங்கள் தொடைக்கு என்ன செய்யும்?

கேள்வி: எனக்கு வயது 52. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "பயப்பட ஒன்றுமில்லை, தொடைத் தசையை வலுப்படுத்துங்கள்" என்றார். ஜிம்முக்குப் போகக் கூச்சம். 38,000 ரூபாய்க்கு, பல பயிற்சிகளை ஒன்றிலேயே செய்யும் மல்டி ஜிம் மெஷின் தவணையில் கிடைக்கிறது. 72 கிலோ வரை எடை உண்டாம், உடம்பு முழுவதற்கும் ஆகுமாம். வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. ஆனால் பயிற்சியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தினமும் நடப்பவர்களுக்கும் இது தேவை.

சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால்தான் தசை வலுப்பெறும். அதனால் எந்தக் கருவியானாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: உங்களுக்கு வேண்டிய தசைக்கு, உங்களால் தாங்கக்கூடிய எடையில் தொடங்கி, சிறுசிறு படியாகக் கூட்டிக்கொண்டே போக முடியுமா?

இந்த விலையில் வரும் மல்டி ஜிம்களில் நெஞ்சுக்கும் கைக்கும் முதுகுக்கும் நிறைய வழி இருக்கும். காலுக்குப் பெரும்பாலும் உட்கார்ந்தபடி முன்காலை நீட்டித் தூக்கும் பகுதி ஒன்றுதான். அது முன்தொடைக்கு மட்டும் வேலை தரும். சில முழங்கால்களில் வலியைக் கூட்டவும் செய்யும். படியேறும்போதோ தொடையும் இடுப்பும் சேர்ந்து உடம்பையே மேலே தூக்குகின்றன. 72 கிலோ என்ற கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். இழுக்கும் கம்பி, எடையோடு சேர்ந்து நகரும் கப்பியைச் சுற்றி வந்தால் கைக்குத் தெரிவது அதில் பாதிதான்.

உங்களுக்கு இன்று வேண்டியது ஆடாத ஒரு நாற்காலி. கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள். வலித்தால் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. சுலபமாக வர ஆரம்பித்ததும் தலையணையை எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுங்கள், அப்புறம் ஐந்து கிலோ. முதுகுக்கு, ஜன்னல் கம்பியில் உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்ட் கட்டி இழுத்தால் போதும். ஒரே ஒரு முறை பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள். கூச்சம்தான் தடை என்றால், பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் ஜிம் பக்கத்தில் உண்டா என்றும் விசாரியுங்கள்.

மூன்று மாதம் விடாமல் செய்தபின் பொருள் வாங்கத் தோன்றினால், எடை மாற்றக்கூடிய டம்பெல் நல்லது. எடைத் தட்டுகளைப் பிடிக்கும் பூட்டு இறுகுகிறதா என்று கடையிலேயே தூக்கிப் பாருங்கள். தட்டுகள் கழன்று விழுந்த புகார்களால் 2025 ஜூனில் அமெரிக்காவில் போஃப்ளெக்ஸ் என்ற பிராண்டின் இத்தகைய டம்பெல்கள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன.

அப்போதும் மல்டி ஜிம்தான் வேண்டுமென்றால், படம் பார்த்து ஆர்டர் செய்யாமல் நேரில் போய் உட்கார்ந்து இழுத்துப் பாருங்கள். கம்பி அறுந்தால் மாற்றுக் கம்பி திருச்சியிலேயே கிடைக்குமா, வீடு மாறினால் யார் வந்து கழற்றி மாட்டித் தருவார்கள் என்பதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.